அம்மாவின் தைராய்டு வீக்கம்: டி.எஸ்.எச். நார்மல் என்றால் ஆபரேஷன் எதற்கு?

நீங்கள் கேட்டதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். அம்மாவுக்கு 48 வயது. கல்யாண வீட்டில் எடுத்த போட்டோவில் கழுத்து தடித்துத் தெரிந்தது. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 2.8, அதாவது நார்மல். ஸ்கேனில் தைராய்டு பெரிதாகியிருக்கிறது; வலது பக்கம் 2.2 சென்டிமீட்டரில் ஒரு கட்டி, டைராட்ஸ் (ஸ்கேனைப் பார்த்துப் போடும் சந்தேக மதிப்பெண்) 3. இடது பக்கம் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள். ஒரு மருத்துவர் முழுச் சுரப்பியையும் எடுத்துவிடலாம் என்கிறார். பெரியம்மா முட்டைக்கோஸை நிறுத்தச் சொல்கிறார். உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கடற்பாசி மாத்திரை அனுப்பியிருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

நீங்கள் எழுதியிருக்கும் ரிப்போர்ட்டில் பதறும்படி எதுவும் இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் சும்மா விட்டுவிடக்கூடிய விஷயமும் இல்லை. தைராய்டு வீக்கத்தில் கேட்க வேண்டியவை மூன்று: சுரப்பி எப்படி வேலை செய்கிறது, உள்ளே இருக்கும் கட்டி எப்படிப்பட்டது, அது பக்கத்தில் எதையாவது அழுத்துகிறதா. இந்த மூன்றுக்கும் தனித்தனிச் சோதனை, தனித்தனிப் பதில். ஒன்றின் பதிலை வைத்து மற்றதை ஊகிக்கும்போதுதான் தேவையில்லாத பயம் வருகிறது, தேவையில்லாத ஆபரேஷன் வருகிறது, சில சமயம் ஆபத்தான அலட்சியமும் வருகிறது.

"நார்மல் என்றால் ஏன் வீங்கியிருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அந்த உத்தரவு கூடும். ஹார்மோன் அதிகமானால் குறையும். பெரும்பாலான ஆய்வகங்களில் 0.4 முதல் 4 வரை நார்மல் என்று வைத்திருப்பார்கள். 2.8 என்றால் ஹார்மோன் தேவையான அளவு சுரக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். சுரப்பி எவ்வளவு பெரிது, உள்ளே கட்டி இருக்கிறதா என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. பெரிய கழலையோடு, அதாவது தைராய்டு வீக்கத்தோடு, நார்மல் டி.எஸ்.எச். இருப்பவர்கள் ஏராளம். கழுத்தில் ஒன்றுமே தெரியாமல் டி.எஸ்.எச். 40, 50 என்று ஏறியிருப்பவர்களும் உண்டு.

இங்கே ஒன்று கேட்டுவிடுகிறேன். அம்மா முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா? அந்த மாத்திரை சில ஆய்வகங்களின் தைராய்டு பரிசோதனையைக் குழப்பிவிடும். இல்லாத தைராய்டு மிகைப்பை (ஹார்மோன் அளவுக்கு மேல் சுரப்பதை) இருப்பதுபோலக் காட்டும். சாப்பிடுகிறார் என்றால், குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள்.

சரி, சுரப்பி ஏன் பெரிதாகிறது? குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் இருக்கும் தைராய்டின் எடை வழக்கமாக 15 முதல் 25 கிராம்தான். அது ஹார்மோன் செய்ய அயோடின் வேண்டும். அயோடின் போதாதபோது உத்தரவு கூடிக்கொண்டே போகும். கிடைக்கிற கொஞ்சத்தையும் பிடித்துக்கொள்ள சுரப்பி வளரும். உலகம் முழுக்கப் பார்த்தால் முன்கழுத்துக் கழலைக்கு நெடுங்காலமாக முதல் காரணம் இதுதான். இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. சில ஆண்டுகளிலேயே அயோடின் உப்பு போன ஊர்ப் பிள்ளைகளிடம் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்ததற்கு அந்த வேலை பெரிய ஆதாரம். இன்று நாம் யோசிக்காமல் கடையில் வாங்கும் உப்புப் பொட்டலத்துக்குப் பின்னால் அவ்வளவு உழைப்பு இருக்கிறது. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

அயோடின் மட்டுமே காரணம் என்றும் நினைத்துவிட வேண்டாம். உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோயில், சுரப்பி கெட்டியாகி ஒரே சீராக வீங்கும். போகப் போக ஹார்மோன் குறையும். கிரேவ்ஸ் நோயில் அதே எதிர்ப்பு சக்தி சுரப்பியைத் தூண்டிவிடும். வீக்கத்தோடு படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவு, சிலருக்குக் கண் முன்தள்ளல் எல்லாம் வரும். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்குச் சுரப்பி வீங்கித் தொட்டாலே வலிக்கும். காது வரை இழுக்கும் அந்த வலி பயமுறுத்தினாலும் பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் அடங்கிவிடும். மனநல மருந்தான லித்தியம், இதயத்துடிப்புக்குத் தரும் அமியோடரோன் ஆகியவையும் தைராய்டைப் பாதிக்கும். உங்கள் அம்மாவின் ஸ்கேனைப் பார்த்தால் இவை எதுவும்போல் இல்லை. இரண்டு பக்கமும் கட்டிகள் இருக்கின்றன, ஹார்மோன் சரியாக இருக்கிறது. நடுத்தர வயதுப் பெண்களிடம் அடிக்கடி பார்க்கும் பல்கட்டிக் கழலை, அதாவது பல கட்டிகள் உள்ள தைராய்டு வீக்கம் இது. ஆன்ட்டி டி.பி.ஓ. என்ற பரிசோதனையை ஒரு முறை செய்து ஹாஷிமோட்டோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வருஷா வருஷம் செய்ய வேண்டியதில்லை.

இப்போது அந்தக் கட்டி. அளவைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் அளவைவிட முக்கியம் ஸ்கேனில் அது தெரியும் விதம். ரிப்போர்ட்டை எடுத்து என்னோடு சேர்ந்து வாசியுங்கள். "ஐசோஎக்கோயிக்" என்றிருந்தால், கட்டி சுற்றியுள்ள திசுவின் அதே சாயலில் இருக்கிறது என்று பொருள். அது நல்ல அறிகுறி. "ஹைப்போஎக்கோயிக்", அதாவது சுற்றுப்புறத்தைவிடக் கறுத்துத் தெரிகிறது என்றால் கவனம் கூட வேண்டும். ஓரம் வழவழப்பாக இருக்கிறதா, ரம்பம்போல் ஒழுங்கற்று இருக்கிறதா? அகலத்தைவிட உயரம் அதிகமா? உள்ளே பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் உண்டா? சந்தேகப்பட வைப்பவை இந்தக் கடைசி மூன்றும்தான். உள்ளே முழுக்க நீராகவோ, பஞ்சுபோல் ஓட்டை ஓட்டையாகவோ இருந்தால் நிம்மதி. இவை ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டியதுதான் டைராட்ஸ் எண். 1, 2 என்றால் கவலை இல்லை. 3 என்றால் சந்தேகம் குறைவு. 4 நடுத்தரம். 5 என்றால் சந்தேகம் அதிகம். அம்மாவுடையது 3. டைராட்ஸ் 3 என்று வரும் நூறு கட்டிகளில் ஏறக்குறைய தொண்ணூற்றைந்து புற்றுநோயாக இருப்பதில்லை.

அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் 2017 வழிகாட்டியின்படி, டைராட்ஸ் 3 கட்டி 2.5 சென்டிமீட்டரைத் தாண்டினால்தான் ஊசிப் பரிசோதனை (மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல் எடுத்துப் பார்ப்பது), 1.5-க்கு மேல் என்றால் அவ்வப்போது ஸ்கேன் செய்து கவனித்தால் போதும். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டி இதுபோன்ற கட்டிக்கு 1.5 சென்டிமீட்டரிலேயே ஊசிப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. இரண்டுமே ஏற்கத்தக்கவை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஊசிப் பரிசோதனை செய்துவிடுவேன். ஆபரேஷன் என்ற பேச்சு ஏற்கெனவே வந்துவிட்டது, அம்மாவும் பயந்திருக்கிறார். ஒரு சின்ன ஊசி அந்தக் கேள்வியைத் தீர்த்துவிடக்கூடும் என்பதுதான் காரணம். எஃப்.என்.ஏ.சி. என்கிற இந்த ஊசிப் பரிசோதனையைச் செய்யாமலேயே தைராய்டை எடுக்கலாம் என்று யார் சொன்னாலும், "எதற்காக?" என்று தயங்காமல் கேளுங்கள். அழுத்தம் இருக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று சொன்னால் அது காரணம். கட்டி இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது.

எஃப்.என்.ஏ.சி. என்றதும் பலர் நடுங்குகிறார்கள். படுக்கவைத்து, தோளுக்கடியில் ஒரு தலையணை வைத்து, கழுத்தைப் பின்னால் சாய்ப்பார்கள். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசியை உள்ளே விட்டு முன்னும் பின்னும் சில முறை அசைப்பார்கள். அந்தச் சில நொடிகள் எச்சில் விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. கட்டி விழுங்கும்போது மேலே ஏறும் என்பதால். இரண்டு மூன்று முறை குத்துவார்கள். முடிந்ததும் பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசி போட்டால் கட்டி பரவிவிடும் என்ற பேச்சு ஊரில் நிறைய உண்டு. அதை நம்பிப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

முடிவு பெதஸ்டா என்ற அளவில் 1 முதல் 6 வரை வரும். 2 என்றால் தீங்கற்றது. 6 என்றால் புற்றுநோய். 1 என்றால் போதுமான செல் கிடைக்கவில்லை, மறுபடி எடுக்க வேண்டும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். 3, 4 தெளிவில்லாத நிலை. அங்கேதான் அனுபவமுள்ள மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். புற்றுநோய் என்றே வந்தாலும், தைராய்டில் அதிகம் வருவது பாப்பிலரி என்ற வகை; மெதுவாக வளர்வது, நன்றாகக் குணமாவது.

மூன்றாவது கேள்வி அழுத்தம். இதில் வீட்டிலேயே கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம். அம்மாவை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நாற்காலியில் உட்காரவைத்து, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, ஒரு வாய் தண்ணீரைக் கொடுத்து விழுங்கச் சொல்லுங்கள். தைராய்டு மூச்சுக்குழாயோடு ஒட்டியிருப்பதால் விழுங்கும்போது வீக்கமும் சேர்ந்து மேலே ஏறி இறங்கும். வீக்கத்தின் கீழ் ஓரம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரியாமல் நெஞ்செலும்புக்குள் இறங்கி மறைந்தால், கழலை உள்ளே வளர்ந்திருக்கலாம். அப்புறம் இரண்டு கைகளையும் காதோடு ஒட்டி மேலே தூக்கி ஒரு நிமிஷம் வைத்திருக்கச் சொல்லுங்கள். முகம் சிவந்து உப்பினாலோ மூச்சு இரைந்தாலோ, நெஞ்சுக்குள் கழலை ரத்தக்குழாயை நெரிக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்படி என்றால் சி.டி. ஸ்கேன் தேவைப்படும். தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல் இருக்கிறது என்பது மட்டும் வேறு விஷயம். அது பல நேரம் நெஞ்செரிச்சலால் வருவது; சின்னக் கட்டிகள்மேல் பழி விழுந்துவிடுகிறது.

எப்போது காத்திருக்கவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில வாரங்களுக்குள் வீக்கம் வேகமாகப் பெரிதானால், கல்போல் இறுகி அசையாமல் இருந்தால், குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் தெளியாவிட்டால், சோறு விழுங்கக் கஷ்டப்பட்டால், மல்லாந்து படுக்கும்போது மூச்சு முட்டினால், கழுத்தின் பக்கவாட்டில் தனியாக நெறிக்கட்டிகள் தெரிந்தால் உடனே போங்கள். சின்ன வயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்களுக்கும், குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களுக்கும் எந்தக் கட்டியானாலும் கவனம் கூடுதலாக வேண்டும். இன்னொன்று: ஒரே ராத்திரியில் கட்டி பெரிதாகி வலித்தால், பெரும்பாலும் நீர்க்கட்டிக்குள் ரத்தம் கசிந்ததாக இருக்கும். அதுவும் மருத்துவரிடம் காட்ட வேண்டியதுதான், ஆனால் அதுவே புற்றுநோய் என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஆபரேஷன் யாருக்குத் தேவை? புற்றுநோய் உறுதியானவர்களுக்கும் பலத்த சந்தேகம் உள்ளவர்களுக்கும், மூச்சுக்குழாயையோ உணவுக்குழாயையோ அழுத்துபவர்களுக்கும், நெஞ்சுக்குள் இறங்கியவர்களுக்கும், ஹார்மோன் மிகையாகி வேறு வழியில் கட்டுப்படாதவர்களுக்கும். பார்வைக்குப் பெரிதாக இருந்து மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்பதும் நியாயமான காரணம்தான். நோயாளியே விரும்பி, விளைவுகளைத் தெரிந்துகொண்டு கேட்டால். முழுவதையும் எடுத்தால் ஆயுள் முழுக்கத் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை. குரல் நரம்பு சுரப்பியின் முதுகிலேயே ஓடுகிறது. அது அடிபட்டால் குரல் கம்மும். பின்னால் ஒட்டியிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் கால்சியம் இறங்கி, உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு வரும், கை இழுத்துக்கொள்ளும். தேர்ந்த கைகளில் இவை நிரந்தரமாக நிற்பது குறைவு, ஆனால் நடக்கவே நடக்காது என்று யாரும் உறுதி தர முடியாது. ஒரு பக்கக் கட்டிதான் பிரச்சினை என்றால் அந்தப் பாதியை மட்டும் எடுத்தால் போதுமா என்று கேளுங்கள். அறுவை மருத்துவர் வருடத்துக்கு எத்தனை தைராய்டு ஆபரேஷன் செய்கிறார் என்று கேட்பதிலும் தப்பில்லை.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோச்சர் என்ற அறுவை மருத்துவர் தைராய்டு ஆபரேஷனையே பாதுகாப்பானதாக மாற்றியவர். 1909-இல் நோபல் பரிசு பெற்றார். முழுச் சுரப்பியையும் எடுத்த தன் நோயாளிகள் பிறகு மந்தமாகி, உடல் ஊதி, தளர்ந்துபோனதை 1883-இல் அவரேதான் எழுதி வெளியிட்டார். தைராய்டு இல்லாமல் மனிதன் எப்படி ஆவான் என்று மருத்துவ உலகம் கண்டதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இன்று நம்மிடம் மாத்திரை இருக்கிறது என்பது பெரிய விஷயம்தான். ஆனாலும், நன்றாக வேலை செய்யும் சுரப்பியைக் காரணமில்லாமல் எடுத்துவிட்டு மாத்திரை போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

"வீக்கம் கரைய மாத்திரை கொடுங்கள்" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முன்பு நார்மல் டி.எஸ்.எச். இருந்தாலும் கட்டி சுருங்கட்டும் என்று தைராக்சின் கொடுப்பது வழக்கமாக இருந்தது. இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. பலன் சொற்பம், இதயத் துடிப்பு தாறுமாறாவதும் எலும்பு தேய்வதும் வரலாம், அதிலும் மாதவிடாய் நிற்கும் வயதில். அம்மாவுக்கு இப்போது தைராக்சின் தேவையில்லை. பிற்காலத்தில் டி.எஸ்.எச். ஏறித் தேவைப்பட்டால், காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட வேண்டும். காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இடைவெளி; கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைக்கு நான்கு மணி நேரம். மாத்திரையைப் போட்ட கையோடு டிகாக்ஷன் காபி குடித்துவிட்டு, டோஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன்.

தீங்கற்ற கட்டி என்று ஊசியில் உறுதியாகி, ஆனாலும் பெரிதாகித் தொந்தரவு செய்தால், ரேடியோ அலையால் சூடேற்றிச் சுருக்கும் முறை பெரிய நகரங்களில் இருக்கிறது. இப்போதைக்கு அம்மாவுக்கு அதுவும் வேண்டாம்.

பெரியம்மா சொன்ன முட்டைக்கோஸ் விஷயத்துக்கு வருவோம். அவர் சொல்வது அடியோடு பொய்யில்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், மரவள்ளிக்கிழங்கு, கம்பு இவற்றில் தைராய்டு வேலையைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. ஆனால் அவை பிரச்சினை ஆவது, அயோடின் பற்றாக்குறையும் இருந்து, இவற்றையே தினமும் முக்கிய உணவாகச் சாப்பிடும்போதுதான். வாரம் இரண்டு நாள் முட்டைக்கோஸ் பொரியல், ஒரு நாள் கம்பங்கூழ் என்றால் ஒன்றும் ஆகாது. முட்டைக்கோஸ் போன்றவற்றை வேகவைக்கும்போது பாதிப்பு இன்னும் குறையும். அம்மாவுக்குப் பிடித்ததைச் சாப்பிடட்டும். பச்சையாக அரைத்து ஜூஸ் என்று தினமும் குடிப்பதை மட்டும் விட்டுவிடலாம்.

உப்பைத்தான் கவனிக்க வேண்டும். வீட்டில் என்ன உப்பு என்று நீங்கள் எழுதவில்லை. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் விளையும் கல் உப்பைப் பொட்டலமில்லாமல் வாங்கிப் பழகிய வீடுகளில் இன்னமும் அதுவே ஓடுகிறது. கடல் உப்புதானே, அயோடின் இருக்குமே என்று நினைப்பார்கள்; கலக்காத கடல் உப்பில் இருப்பது மிகச் சொற்பம். இந்துப்பும் அப்படியே. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். சட்டப்படி, கடையில் வாங்கும் அயோடின் உப்பில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். பால், முட்டை, மீன் வழியாகவும் கொஞ்சம் கிடைக்கும். பொட்டலத்தில் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய டப்பாவில், அடுப்புச் சூடும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். சமையல் முடியும் நேரத்தில் உப்புப் போட்டால் இழப்பு குறைவு. ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் குறைக்கட்டும், போடுகிற கொஞ்சம் அயோடின் உப்பாக இருக்கட்டும். கழலை இருக்கிறது என்பதற்காக அயோடின் உப்பை நிறுத்த வேண்டாம்.

அந்தக் கடற்பாசி மாத்திரையைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அதில் அயோடின் எவ்வளவு என்பது மாத்திரைக்கு மாத்திரை மாறும். ஒரு நாள் தேவையைப்போலப் பல மடங்கு இருக்கலாம். பல்கட்டிக் கழலை உள்ளவர்களுக்குத் திடீரென்று அவ்வளவு அயோடின் போனால், கட்டுக்குள் இல்லாமல் ஹார்மோனைச் சுரக்கும் கட்டிகள் அதை எடுத்துக்கொண்டு தைராய்டு மிகைப்பை வரவழைக்கலாம். படபடப்பு, இதயத் துடிப்புக் கோளாறு என்று நல்லபடி இருந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும். சி.டி. ஸ்கேனுக்குப் போடும் மருந்திலும் அயோடின் நிறைய இருக்கிறது, அதனால் எந்த சி.டி. எடுக்கப் போனாலும் கழலை இருப்பதைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஊசி முடிவு 2 என்று வந்தால் ஒரு வருடம் கழித்து ஸ்கேன். முடிந்தவரை அதே இடத்தில், பழைய ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து எடுங்கள். ஆள் மாறினால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வருவது சகஜம், அதை வளர்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது. டி.எஸ்.எச். வருடம் ஒரு முறை போதும். அதற்கு முன்பே படபடப்பு, காரணமில்லாமல் எடை குறைவது, அல்லது எதிர்மாறாகச் சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை என்று வந்தால் அப்போதே பாருங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தைராய்டு வீக்கம் குடும்பத்தில் வரும் போக்கு உண்டுதான். அதற்காக இப்போதே ஸ்கேன் செய்துகொள்ள வேண்டாம். யாருக்கு ஸ்கேன் செய்தாலும் ஏதாவது ஒரு சின்னக் கட்டி தெரிய வாய்ப்பு அதிகம், பிறகு அதன் பின்னால் ஓட வேண்டியதாகிவிடும். கண்ணாடி முன்னால் நின்று தண்ணீர் விழுங்கிப் பாருங்கள், ஒரு டி.எஸ்.எச். எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் குழந்தைக்குத் திட்டமிட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கருத்தரிக்கும் முன்பே அந்தப் பரிசோதனை முடிந்திருக்கட்டும். கர்ப்ப காலத்தில் அயோடின் தேவை 250 மைக்ரோகிராமாகக் கூடும், குழந்தையின் மூளை வளர்ச்சி முதல் மாதங்களில் தாயின் தைராய்டை நம்பித்தான் இருக்கிறது. அதனால் வீட்டில் உப்பை மாற்றுவதாக இருந்தால் இந்த மாதச் சாமான் பட்டியலிலேயே மாற்றிவிடுங்கள்.